நான் வாங்காத வெற்றிலை

"வாங்கிக்கங்க டீச்சர். எம்புட்டு நேரந்தான் ஏந்திக்கிட்டே நிக்கிறது?" என்றார் சின்னச்சாமி.

போடியில் மலைக்குப் போகும் ஜீப்புகள் நிற்கிற இடம். திங்கட்கிழமை காலை. அவர் கையில் ஒரு பித்தளைத் தாம்பாளம், அதில் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, ஒரு எலுமிச்சம்பழம். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் குடைக்காம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னால் இருந்தால் பழக்கதோஷத்தில் கை நீண்டுவிடுமோ என்று எனக்கு என்மேலேயே சந்தேகம்.

மரியாதைக்கு நீட்டுகிற வெற்றிலை இல்லை அது. எங்கள் பக்கத்தில் பஞ்சாயத்து கூடுவதற்கு முன்னால் ஒருவர் தாம்பாளம் நீட்டினால், "என் பக்கம் பேசு" என்று அர்த்தம். வாங்கிக்கொண்டவர் சபையில் எழுந்து பேசியே ஆகவேண்டும். வாங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அப்புறம் அந்த ஆளை யாரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள்.

சின்னச்சாமி குரங்கணிக்காரர், காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவருடைய தங்கையை இங்கே ஒச்சம்மாள் என்று எழுதப் போகிறேன். அது அவள் பெயர் இல்லை; அவள் வீட்டார் பெயர்களும் மாற்றியவைதான். மலையில் என்னிடம் வந்து பேசிய யாருடைய சொந்தப் பெயரையும் இந்தத் தொடரில் நான் எழுதவில்லை, இனியும் எழுதமாட்டேன்.

அன்று சாயங்காலம், போடிமெட்டுக்கு அப்பால் எங்கள் எஸ்டேட்டில், ஒச்சம்மாளின் கல்யாணத்தை முறிப்பதா வேண்டாமா என்று கூட்டம் கூடப் போகிறது. அவளோ இரண்டு மாதமாக ஒருவரோடும் பேசவில்லை. என்னோடு மட்டும் பேசினாள். அவள் என்ன சொன்னாள் என்பதை நான் சபையில் எழுந்து சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்தத் தாம்பாளம்.

"முடியாதுங்க. அதை மூடி வைங்க" என்றேன்.

அவர் மூடவில்லை. தாம்பாளத்தோடு ஜீப்பில் ஏறி எனக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டார்.

காது கொடுக்கிற சோலி

தோட்டத் தொழிலாளர் நலனைக் கவனிக்க வேண்டும் என்று சட்டம் வந்த புதிது அது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த சமயம். ஏலத்தோட்ட முதலாளிகள் சிலர் சேர்ந்து, சென்னையில் சமூக சேவைப் பயிற்சி முடித்திருந்த என்னை வேலைக்கு வைத்தார்கள்.

என்ன வேலை என்று அவர்களுக்கே தெளிவில்லை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயங்களைச் சுத்தமாக வைக்கச் சொல்வது, பிள்ளைகளுக்குப் பால்பவுடர் கரைத்துக் கொடுப்பது, அவ்வளவுதான் அவர்கள் மனதில் இருந்தது. நான் அதையும் செய்தேன். ஆனால் மனசு ஒடிந்து கிடக்கிறவர்களோடு உட்கார்ந்து அவர்கள் பேச்சைக் கேட்பதுதான் என் முதல் வேலை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. புரிந்திருந்தால் ஆட்சேபித்திருப்பார்கள்.

இன்றைக்கு "மனநல ஆலோசகர்" என்று பலகை மாட்டுகிறார்கள். அன்று அந்தச் சொல்லே கிடையாது. ஊரில் யாராவது என் வீட்டுக்காரரிடம், "உங்க வீட்டம்மா மலையில என்னதான் சோலி பாக்குறாக?" என்று கேட்டால், கணக்கு வாத்தியாரான அவர், "காது கொடுக்கிற சோலி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

முதலில் எனக்கு ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்கள். எதிரே ஒரு முக்காலி. வந்து உட்கார்ந்த பெண்கள் ஆஸ்பத்திரி என்று நினைத்து நாக்கை நீட்டிக் காட்டினார்கள்.

மேஜையைக் கங்காணிக்கே தாரை வார்த்துவிட்டு, ஏலக்காய் பொறுக்குகிற கொட்டகையில் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். உலர்ந்து வந்த காயில் காம்பையும் வெடித்த காயையும் விரலால் ஒதுக்கிக்கொண்டே இருக்கிற வேலை. கண் முறத்தில் இருக்கும். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க வேண்டியதில்லை. கை ஓட ஓட வாய் தானாகத் திறக்கும். கொட்டகையின் கடைசி மூலை எனக்கு. மற்றவர்களின் சிரிப்பிலும் இரைச்சலிலும் அங்கே பேசுவது யார் காதிலும் விழாது.

டீச்சர் என்றால் டீச்சர்தான்

முறை வைத்துக் கூப்பிடாமல் எங்கள் ஜனங்களுக்குப் பேச வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண் என்னை "மதினி" என்று கூப்பிட்டாள். எனக்கும் குளுகுளு என்றுதான் இருந்தது.

அடுத்த வாரமே அவள் புருஷன் வந்து நின்றான். "ஏந் தங்கச்சி, உன் மதினிக்கு நீ புத்தி சொல்லக் கூடாதா?" என்றான். ஒரே வாரத்தில் அவனுக்கு நான் உடன்பிறந்தவளாகிவிட்டேன்! தங்கச்சி அண்ணனை விட்டுக்கொடுக்க முடியுமா? அத்தோடு அந்தப் பெண் என் மூலைப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள்.

அன்றிலிருந்து அக்கா, மதினி, சித்தி, ஆத்தா ஒன்றும் கிடையாது, டீச்சர் என்று கூப்பிட்டால் போதும் என்று சொல்லிவிட்டேன். நான் யாருக்கும் பாடம் நடத்தியவள் இல்லை. ஆனாலும் டீச்சருக்கு அண்ணன் தம்பி கிடையாது, மாமன் மச்சான் கிடையாது. "படிச்ச திமிரு" என்று பேர் வந்தது. வந்தால் வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஒருத்தி முதன்முதலாக முறத்தோடு என் பக்கத்தில் உட்காரும்போதே ஒன்று சொல்லிவிடுவேன். "நீ சொல்றது இங்கனயே கெடக்கும், வெளிய போகாது. உசுருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணுச்சுன்னா மட்டும் நாலு பேருகிட்டச் சொல்லுவேன். அதையும் உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." இதைக் கேட்ட பிறகும் பேசினால்தான் பேச்சு.

தாம்பாளமும் ஜீப்பும்

ஜீப் வளைவுகளில் ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் எலுமிச்சம்பழம் தாம்பாளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. அரிசி மூட்டையும் துணிமூட்டையுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"பாவம், வாங்கிக்கங்க டீச்சர்" என்றாள் ஒரு கிழவி.

"நீ வாங்கிக்க ஆத்தா. நீ போயிப் பேசு" என்றேன். ஜீப் சிரித்தது. சின்னச்சாமி சிரிக்கவில்லை.

அவர் நல்ல மனிதர். அதுதான் எனக்குச் சங்கடம். அவர் குனிந்து தணிந்த குரலில் சொன்னார்: "நீங்க ஒரு வார்த்தை சொன்னா எந் தங்கச்சி பொழச்சுக்கிருவா டீச்சர். பேய் புடிச்சிருக்குன்னு கோடாங்கிய வச்சு வேப்பங்கொழையால அடிச்சிருக்காக. இன்னும் அந்த லயத்துல கெடந்தா செத்துருவா. அவ மனசுல உள்ளது உங்களுக்குத்தான் தெரியும்."

அடை மழையில் ஒச்சம்மாளின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. பாதையில் மண் சரிந்து ஜீப் நின்றுபோயிருந்தது. புருஷன் வீரணன் சோளக்காட்டு வேலைக்காகக் கீழே பொட்டிபுரத்துக்குப் போயிருந்தான். அவன் மேலே வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, குழந்தையை அடக்கமும் செய்தாகிவிட்டது. வந்தவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். மறுநாள் வேலைக்குப் போய்விட்டான். அன்றைக்கு வாயை மூடியவள்தான் ஒச்சம்மாள்.

கொட்டகைக்கு மட்டும் வருவாள். நான் அவளிடம் எதையும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. "செத்துப் போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அதை நான் நம்பினேன், ஆனாலும் ஒவ்வொரு வாரமும் திரும்பக் கேட்டேன். பிறகு ஒரு நாள், முறத்தைப் பார்த்தபடியே பேசினாள். அதற்குப் பின் பல நாள் பேசினாள். அதில் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதிக்கொள்ளலாம் என்று பிற்பாடு அவளே எனக்குச் சம்மதம் கொடுத்தாள்.

"இனி அந்த மனுசன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

சின்னச்சாமிக்கு வேண்டியது இந்த வாக்கியம்தான். இதைச் சபையில் சொன்னால் போதும், துரும்பைக் கிள்ளிக் கையில் கொடுத்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முறிந்தது என்பதற்கு அந்தத் துரும்புதான் சாட்சி. அண்ணன் தங்கையைக் குரங்கணிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். எனக்கும் அதுதான் அவளுக்கு நல்லது என்று பட்டது. இருந்தும் கையைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு போடிமெட்டு வரை வந்தேன்.

முந்தலும் ரப்பர் வளையமும்

போன அத்தியாயத்தைப் படித்த ஒரு வாசகி கேட்டிருந்தார்: "இவ்வளவு பேர் அழுகையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் உங்களுக்குச் சோறு இறங்குமா?"

ஒரு காலத்தில் இறங்கவில்லைதான். வேலையின் இரண்டாம் வருஷத்தில் ஏலக்காய் வாசனை பட்டாலே குமட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் போடி வீட்டு வாசலுக்கும் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். நானும் "வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது" என்று உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ரசத்தை மூன்று தடவை சுட வைப்பார்.

என் வயதுக்காரி எஸ்தர்தான் சண்டைக்கு வந்தாள். போடி ஆஸ்பத்திரியில் நர்ஸ், படபடவென்று பேசுகிறவள். "ஏண்டி, கொதிக்கிற பானையை வெறுங்கையால எறக்குவியா? கரித்துணி புடிக்க மாட்ட? கரித்துணி புடிச்சா சோத்து மேல ஆசை இல்லைன்னா அர்த்தம்?" என்று கத்தினாள்.

கோபம் வந்தது. யோசித்துப் பார்த்ததில் அவள் சொன்னது சரியாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாசற்கதவைச் சாத்தினேன். சனிக்கிழமை மலையிலிருந்து இறங்கும்போது, அடிவாரத்தில் முந்தலிலேயே ஜீப்பை விட்டு இறங்கிவிடுவேன். அங்கிருந்து மாந்தோப்புகளின் ஓரமாகப் போடி வரைக்கும் நடை. நடக்கும்போது அந்த வாரம் கேட்டதை ஒவ்வொன்றாக நினைப்பேன். ஊர் எல்லை வந்ததும் நிறுத்திவிடுவேன். வீட்டில் என் வீட்டுக்காரர் கேட்கிற ஒரே கேள்வி, "உப்பு சரியா இருக்கா?" என்பதுதான். அவர் வேறெதுவும் கேட்டதில்லை. இன்றைக்கும் அதற்காக அவரை நினைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் எஸ்தரும் நானும் ரப்பர் வளையம் எறிந்து விளையாடுவோம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முப்பது வயதுப் பொம்பிளைகள் இரண்டு பேர் ஓடிப் பிடிப்பதைப் பார்க்கச் சுற்றுச்சுவரில் கூட்டம் ஏறும். ஏறட்டுமே!

விளையாட்டு முடிந்து மூச்சு வாங்க உட்காரும்போதுதான் எங்கள் தொழில் பேச்சு. பெயர் கிடையாது, ஊர் கிடையாது, எஸ்டேட் கிடையாது. "ஒரு ஆளு" என்று மட்டும் சொல்வோம். கூட்டத்துக்கு முந்தின நாளும் அப்படித்தான் சொன்னேன். "ஒரு ஆளு எங்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்கு. அதை நான் வெளியே சொன்னா அந்த ஆளுக்கு நல்லது நடக்கும்."

"சொல்லச் சொல்லி அந்த ஆளு கேட்டுச்சா?" என்றாள் எஸ்தர்.

"இல்ல. நாளைக்குப் போய்க் கேட்டுப் பார்க்கணும்."

"கேட்டும் வேண்டாம்னா?"

நான் வளையத்தை எடுத்து ஓங்கி எறிந்தேன்.

சபை

எஸ்டேட்டில் இறங்கியதும் நேரே கொட்டகைக்குப் போனேன். ஒச்சம்மாள் முறத்தோடு இருந்தாள். "சாயங்காலம் எங்கிட்ட கேப்பாக. நீ சொன்னதைச் சொல்லட்டுமா?" என்றேன். அவள் காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேணாம் டீச்சர்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வேலை விட்டதும், காய் உலர்த்துகிற ஸ்டோர் முன்னால் எல்லாரும் கூடினார்கள். உள்ளே எரிகிற அடுப்பின் சூடு சுவர் வழியாக முதுகில் பட்டுக்கொண்டிருந்தது. நடுவில் கங்காணி மாயாண்டி. ஒரு பக்கம் சின்னச்சாமி, மறுபக்கம் வீரணன். வீரணன் தலையை நிமிர்த்தவே இல்லை. ஒச்சம்மாள் பெண்களோடு கடைசியில் உட்கார்ந்திருந்தாள்.

சின்னச்சாமிதான் முதலில் பேசினார். "மாப்ள மேல எனக்கு வெரோதம் இல்ல. புள்ள போனதோட அந்த வீடும் போச்சு. எந் தங்கச்சிய எங்கிட்டக் குடுத்துருங்க."

"நான் அத்து விட மாட்டேன் மச்சான்" என்றான் வீரணன், தரையைப் பார்த்துக்கொண்டே.

கங்காணி என் பக்கம் திரும்பினார். "டீச்சர், அந்தப் புள்ள உங்ககிட்ட மட்டுந்தான் பேசியிருக்கு. என்ன சொல்லுச்சுன்னு சபையில சொல்லுங்க. வெரசா முடிச்சுருவோம்."

எழுந்து நின்றேன்.

"ஒச்சம்மா எங்கிட்ட பேசுனது நெசந்தான். என்ன பேசுனான்னு சொல்ல மாட்டேன்."

சபையில் ஒரே சலசலப்பு. "இது என்னங்க நாயம்?" என்றது ஒரு குரல். கங்காணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"மொதலாளி காதுல போட்டா உங்க சோலி போயிரும் டீச்சர்."

"போடுங்க. அடுத்த ஜீப்புல நானே எறங்கிப் போயிர்றேன். ஆனாலும் சொல்ல மாட்டேன். அவ இங்கனதான உக்காந்திருக்கா? அவளப் பத்தி எல்லாரும் பேசுறீக. அவகிட்ட யாராச்சும் கேட்டீகளா?"

"அவதான் வாயத் தொறக்க மாட்டேங்கிறாளே!"

"அப்படின்னா காத்திருங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சின்னச்சாமி என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. நான் அவர் தங்கையைக் கைவிட்டுவிட்டேன் என்றுதான் அவர் நினைத்தார். அந்தச் சில நிமிஷங்கள் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கங்காணி வெறுத்துப்போய், அண்ணன் கேட்டபடியே முடித்துவிடலாம் என்று கூரையிலிருந்து ஒரு துரும்பை உருவினார். அதைக் கிள்ளப் போகிறார். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒச்சம்மாள் எழுந்து நடுவே வந்தாள். பெண்கள் வழிவிட்டார்கள். கங்காணியின் கையிலிருந்து துரும்பை வாங்கிக்கொண்டாள். அதைக் கிள்ளவில்லை. வீரணனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இம்புட்டு நாளாச்சு. புள்ளைய எங்கன வச்சேன்னு நீ எங்கிட்டக் கேக்கல" என்றாள். பேசிப் பழகாத தொண்டை, கரகரத்தது.

அதை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

வீரணன் அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். "கேட்டா நீ ஒடஞ்சு போயிருவன்னு நெனச்சேன்" என்றான். பிறகு கேட்டான்: "எங்கன வச்ச?"

"வா, காட்டுறேன்."

சின்னச்சாமி துரும்புக்காகக் கையை நீட்டினார். "இது எங்கிட்டயே இருக்கட்டும்ணே" என்று இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் ஏலச்செடிகளுக்கு நடுவே சரிவில் ஏறிப் போனார்கள். ஒருத்தரும் பின்னால் போகவில்லை. என் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ள வெட்கப்படவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாயைத் திறந்திருந்தால், கொட்டகையில் என்றோ பேசிய ஒச்சம்மாளைத்தான் சபையில் நிறுத்தியிருப்பேன். அன்றைக்கு அவளிடம் சொல்வதற்கு வேறொன்று இருந்தது. என் நல்லெண்ணத்தால் அவள் பேச்சை நான் பறித்திருப்பேன். ரகசியம் காப்பது என்பது ஏதோ பூட்டிவைக்கிற காவல் வேலை என்று அதுவரை எண்ணியிருந்தேன். சொன்னவர் மனம் மாறுவதற்கு இடம் விடுவதும் அதில் சேர்ந்தது என்று அன்று தெரிந்தது.

பிறகு

கங்காணி சொன்னபடியே முதலாளி காதில் போட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

"சபையே கேட்டும் சொல்லலையாமே?" என்றார்.

"ஆமாங்க."

"நான் கேட்டா?"

"சொல்ல மாட்டேங்க."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் என்ன பேசினார் என்று கேட்காதீர்கள்.

மழையெல்லாம் ஓய்ந்து வெயில் ஏறிய பங்குனியில், அதே ஜீப் நிற்கிற இடத்தில் ஒச்சம்மாளைப் பார்த்தேன். பொட்டிபுரத்தில் சாமி கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். வீரணன் ஜீப்பில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் என்னிடம் வந்து இடுப்புச் சுருக்குப்பையைப் பிரித்தாள். உள்ளே, காய்ந்த இலையில் சுற்றி, அந்தத் துரும்பு.

"இன்னும் வச்சிருக்கியா?"

"இருக்கட்டும் டீச்சர். இருக்குன்னு அவுகளுக்கும் தெரியும்" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு அதே பையிலிருந்து இரண்டு வெற்றிலையையும் ஒரு பாக்கையும் எடுத்து நீட்டினாள். என் கைகள் அவை பாட்டுக்கு முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

"இது பேசுறதுக்கு இல்ல டீச்சர்" என்றாள். "அன்னைக்குப் பேசாம இருந்தீகளே, அதுக்கு."

குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நீட்டி வாங்கினேன்.